கவுன்சிலரையும் கேள்வி கேட்க ஒருவர்: நான் போகும் சூப்பர்விஷன் சேவை எப்படி இருக்கிறது?

"இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா சூப்பர்விஷன் போறீங்க?" என்று சக கவுன்சிலர்கள் கேட்கிறார்கள். படிப்பு முடிந்தாயிற்று, சான்றிதழ் வாங்கியாயிற்று, கிளையன்ட்களும் தொடர்ந்து வருகிறார்கள். சூப்பர்விஷன் என்றால், ஒரு கவுன்சிலர் தன் கேஸ்களை அனுபவமுள்ள இன்னொருவரிடம் தொடர்ந்து எடுத்துப்போய்ப் பேசி, தன் வேலையைச் சரிபார்த்துக்கொள்வது. பிறகு எதற்கு இன்னொருவர் முன்னால் போய் உட்கார்ந்து நம் வேலையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்த விமர்சனத்தை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தற்போது நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆன்லைன் சூப்பர்விஷன் சேவையில் நல்லது எது, குறை எது, யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலிலேயே இரண்டு விஷயம். சேவையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வரும் கவுன்சிலர்கள் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெயர் வெளியே வந்தால் யார் எதைச் சொன்னார்கள் என்று ஊகிக்க இடம் கொடுத்ததாகிவிடும். அதேபோல என் கிளையன்ட்கள் யாரைப் பற்றியும் ஒரு விவரமும் இதில் இருக்காது. என் பக்கத்தில் நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

இந்தச் சேவையை நடத்துபவர் நீண்ட கால அனுபவமுள்ள ஒரு சைக்கோதெரபிஸ்ட். மேடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிறோம். மாதத்துக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் தனி சூப்பர்விஷன், வீடியோ அழைப்பில். அதைத் தவிர விருப்பப்பட்டால் குழு சூப்பர்விஷனிலும் சேர்ந்துகொள்ளலாம். இந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு அவராக வைத்தது இல்லை. பிரிட்டனின் பிஏசிபி என்கிற கவுன்சிலர் சங்கம் தன்னிடம் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அனுபவம் கூடக் கூட இதை விட்டுவிடலாம் என்ற சலுகை அங்கே கிடையாது. 2018இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய நெறிமுறைச் சட்டகமும் தொழிலில் இருக்கும் காலம் முழுக்க சூப்பர்விஷன் தேவை என்கிறது. "இன்னுமா போறீங்க" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சேர்வதற்கு முன் ஓர் அறிமுக அழைப்பு உண்டு. நான் என் படிப்பு, பயிற்சி, எந்த மாதிரி கேஸ்கள் எடுக்கிறேன் என்றெல்லாம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவர் அதற்கெல்லாம் முன்னால் கேட்டது வேறு: "நீங்க சூப்பர்விஷன் எடுத்துக்கிறது உங்க கிளையன்ட்களுக்குத் தெரியுமா? எப்படிச் சொல்லியிருக்கீங்க?"

சேவை எப்படிப்பட்டது என்பது எனக்கு அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிட்டது. கிளையன்ட் நம்பி ஒப்படைத்த விஷயத்தை நாம் மூன்றாவது ஒருவரிடம் எடுத்துப் போகிறோம். பெயரை மறைத்தாலும் அது அவர்களுடைய வாழ்க்கைதான். சூப்பர்விஷன் என்ற ஏற்பாடு இருப்பதையும், அதனால் இரகசியக் காப்புக்கு வரும் வரம்பையும் கிளையன்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க கவுன்சிலிங் சங்கத்தின் 2014 நெறிமுறைத் தொகுப்பு சொல்கிறது. செஷனை ரெக்கார்ட் செய்யவும், அதை சூப்பர்வைசரிடம் போட்டுக் காட்டவும் அனுமதி வாங்கியாக வேண்டும். என் ஒப்புதல் படிவத்தில் இதெல்லாம் இருந்தது. ஆனாலும் அவர் படிவத்தோடு விடவில்லை. "வாயால எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார். சொன்னேன். "வேணாம்னு சொல்ல அவங்களுக்கு இதுல எங்க இடம் இருக்கு?" என்று அடுத்த கேள்வி. மறுத்தாலும் சிகிச்சை நிற்காது, கவனிப்பு குறையாது என்ற வரியை அன்றுதான் சேர்த்தோம்.

அடுத்தது ஒப்பந்தம். எனக்கு இந்தச் சேவையில் மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பல இடங்களில் சூப்பர்விஷன் ஒப்பந்தம் என்றால் நாள், நேரம், கட்டணம், கேன்சல் செய்தால் என்ன என்பதோடு முடிந்துவிடும். இங்கே பாதிக்கு மேல் கிளையன்டின் பாதுகாப்பைப் பற்றியது. கிளையன்டின் பெயரைச் சொல்லக் கூடாது, முதலெழுத்து கூட வேண்டாம், ஒரு குறியீடு போதும். சூப்பர்வைசர் எடுக்கும் குறிப்புகள் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. என் வேலையில் ஆபத்தான எதையாவது கண்டால் அவர் முதலில் என்னிடம் என்ன சொல்வார், நான் கேட்காவிட்டால் யாரிடம் போவார் என்பதும் இருக்கிறது. அவர் மேல் எனக்குப் புகார் இருந்தால் எங்கே எழுத வேண்டும் என்பதையும் அவரே குறித்துக் கொடுத்திருக்கிறார். அவரும் தன் சூப்பர்விஷன் வேலைக்காக இன்னொருவரிடம் சூப்பர்விஷன் போகிறார். அந்த விவரமும் ஒப்பந்தத்தில் உண்டு.

ஒரு பிரிவில் நான் நின்றுவிட்டேன். "நாளைக்கே உங்களால வேலை செய்ய முடியாமப் போனா, உங்க கிளையன்ட்களுக்கு யார் போன் பண்ணுவாங்க?" என்று அவர் கேட்டார். விபத்தோ, நோயோ, மரணமோ எதுவாகவும் இருக்கலாம். தனியாகத் தொழில் நடத்தும் கவுன்சிலரின் கிளையன்ட் பட்டியல் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அப்படியானால் அடுத்த வாரம் கதவைத் தட்டப்போகும் மனிதருக்கு யார் சொல்வது? அமெரிக்கத் தொகுப்பு இதற்கும் திட்டம் எழுதி வைக்கச் சொல்கிறது: கோப்புகள் யாரிடம் போகும், கிளையன்ட்களை யாரிடம் மாற்றிவிடுவது என்று. நம்பகமான ஒரு சக கவுன்சிலரைப் பொறுப்பாளராக நியமித்து, அவரிடம் கொடுத்துவைக்கும் மூடிய உறையில் என்ன இருக்க வேண்டும் என்பது வரை முடித்துவிட்டுத்தான் வழக்கமான செஷன்களை ஆரம்பித்தோம்.

ஆபத்து பற்றிய பிரிவைப் பேசும்போது அவர் டாரசாஃப் வழக்கை எடுத்தார். கவுன்சிலிங் படித்த எல்லோருக்கும் தெரிந்த வழக்குதான். 1969இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவர், டாட்டியானா டாரசாஃப் என்ற இளம்பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் தெரபிஸ்டிடம் சொல்கிறார். தெரபிஸ்ட் பல்கலைக்கழகக் காவல்துறைக்குத் தெரிவிக்கிறார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அவர் கொல்லப்பட்டார். 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகும் நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பாடமாக நாம் படிப்பது பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மேடம் அதற்கு நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினார். காவல்துறைக்குப் போன கடிதத்தைத் திருப்பி வாங்கும்படியும், அதன் நகல்களையும் தெரபிஸ்டின் குறிப்புகளையும் அழிக்கும்படியும், மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னவர், அந்த தெரபிஸ்ட் வேலை பார்த்த மனநலத் துறையின் தலைவர். "கீழ இருக்கிறவர் ஆபத்தைப் பார்த்துட்டார். மேல இருக்கிறவர் மூடிட்டார். நான் உங்களுக்கு மேல இருக்கிற ஆளா மாறிட்டேன்னு எப்பவாவது தோணுச்சுன்னா, நீங்க ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கத்தை எடுங்க" என்றார். கடைசிப் பக்கத்தில்தான் அவர் மேல் புகார் செய்யும் வழி இருக்கிறது.

இனி செஷன் எப்படி நடக்கிறது என்பது. கேஸைக் கதையாகச் சொல்லிக்கொண்டே போக அவர் விடமாட்டார். ரெக்கார்டிங் இருந்தால் மூன்று நான்கு நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்து வரச் சொல்வார். நார்மன் கேகன் 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை இது. செஷன் பதிவைப் போட்டு, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, அந்த நொடியில் உள்ளே ஓடியதை நினைவுகூரச் செய்வது. சரியா தவறா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நிறுத்தும் உரிமையும் ரெக்கார்டிங் கொண்டுவந்தவருக்குத்தான்.

ஒரு நாள் அப்படி ஒரு துண்டைப் போட்டோம். கிளையன்ட் நீண்ட நேரம் பேசாமல் இருக்கும் இடம். நான் நிறுத்தினேன்.

"உடம்புல என்ன நடந்துச்சு அப்போ?"

"தோள் இறுகிப் போச்சு."

"மனசுல ஓடி, வாயில வராம நின்னது ஏதாவது?"

யோசித்துப் பார்த்தேன். "இவங்க அடுத்த வாரம் வர மாட்டாங்கன்னு தோணுச்சு."

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

போட்டேன். என் குரல் வழக்கத்தைவிட மென்மையாக, கொஞ்சம் அவசரமாக வருவதை இருவரும் கேட்டோம். அவர் எதுவும் சொல்லவில்லை. நானே இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். பிறகு அவர் கேட்டார்: "அந்த பயத்தை அவங்ககிட்டயே ஒரு கேள்வியா வெச்சிருந்தா, அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" அடுத்து வந்த செஷனில் அதைத்தான் செய்தேன். என்ன பதில் வந்தது என்பது கிளையன்டின் விஷயம். ஆனால் அதுவரை நாங்கள் சுற்றி வந்த ஒன்று அன்று நேராக மேசைக்கு வந்தது. செஷன் குறிப்புகளைப் படித்து இதைக் கற்றுக்கொண்டிருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சம்பவம். ஒரு கேஸில் எதைச் சொன்னாலும் "நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்?" என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசப் போன அன்று மேடம் என்னை நிறுத்தி, "இன்னிக்கு என்கிட்ட எத்தனை தடவை 'நீங்களே சொல்லுங்க மேடம்'னு கேட்டீங்கன்னு கவனிச்சீங்களா? எனக்கும் சட்டுனு ஏதாவது சொல்லிக் காப்பாத்திடணும்னு ஒரு வேகம் வருது. வழக்கமா எனக்கு அப்படி வராது" என்றார். சிகிச்சை அறையில் நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் அப்படியே நடந்து காட்டுவதை பேரலல் பிராசஸ் என்கிறோம். ஹரால்ட் சியர்ல்ஸ் 1955இலேயே இதை எழுதிவிட்டார். சூப்பர்வைசருக்குள் எழும் உணர்ச்சியும் கேஸைப் பற்றிய தகவல்தான் என்பது அவர் வாதம். இதை நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் தனக்குள் வந்த வேகத்தை ஒரு சூப்பர்வைசர் மறைக்காமல் எடுத்து முன்னால் வைத்தபோதுதான், அந்த கிளையன்ட் எந்த அளவு தனியாக உணர்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

அவர் எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றுகிறார் என்று கேட்பவர்களுக்கு: பீட்டர் ஹாக்கின்ஸ், ராபின் ஷோஹெட் இருவரின் ஏழு கண் மாதிரிதான் அடித்தளம். கிளையன்ட், கவுன்சிலரின் உத்திகள், இருவருக்கும் இடையிலான உறவு, கவுன்சிலரின் உள்மனம், கவுன்சிலருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையிலான உறவு, சூப்பர்வைசரின் உள்மனம், இவை எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் வெளியுலகம் என்று ஏழு பக்கமிருந்து பார்ப்பது. நான் இயல்பாக முதல் இரண்டிலேயே நின்றுவிடுவேன். "கிளையன்டைப் பத்தி நிறையப் பேசிட்டோம். உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு இன்னும் ஒரு வார்த்தை வரலையே" என்று மூன்றாவது பக்கத்துக்கு இழுத்து வருவது அவர் வழக்கம்.

ஒவ்வொரு செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரே கேள்விக்காக ஒதுக்குகிறார்: "இன்னிக்கு என்கிட்ட சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா? என்னைப் பத்தினதா இருந்தாலும் சரி." இது சம்பிரதாயமான கேள்வி இல்லை. நிக்கோலஸ் லடானியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருக்கும் கவுன்சிலர்கள் சூப்பர்வைசரிடம் எதை மறைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதிகமாக மறைக்கப்பட்டது சூப்பர்வைசரைப் பற்றிய எதிர்மறை எண்ணங்கள்தான். சூப்பர்வைசர் மேல் மனத்தாங்கல் இருப்பவர் அவரிடம் தன் கேஸின் சங்கடமான பகுதியைத் திறந்து சொல்லமாட்டார். நஷ்டம் கடைசியில் கிளையன்டுக்கு. நான் ஒரு நாள் துணிந்து சொன்னேன்: "நான் யோசிக்க ஆரம்பிக்கும்போதே நீங்க அடுத்த கேள்விக்குப் போயிடறீங்க மேடம்." உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கும் இடைவெளி நன்றாகவே கூடியிருக்கிறது.

பிரிஜிட் பிராக்டர் 1980களில் சூப்பர்விஷனுக்கு மூன்று வேலைகள் என்று பிரித்தார்: நெறியைக் காப்பது, திறனை வளர்ப்பது, கவுன்சிலரைத் தேற்றி மீட்டெடுப்பது. மூன்றாவது எப்படி இருக்கும் என்பதை ஒரு கிளையன்டின் மரணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். செய்தி வந்த அன்று அவசர அழைப்புக்கான எண்ணில் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். முதல் இருபது நிமிடம் நெறி, கோப்பு, குறிப்பு எதைப் பற்றியும் பேசவில்லை. அழுதேன், இருந்தார். பிறகு மெதுவாக, அன்றைக்கு வேறு யார் யாருக்கு செஷன் இருக்கிறது, அவர்களைப் பார்க்கும் நிலையில் இருக்கிறேனா, எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேட்டார். அன்றே இரண்டு செஷன்களைத் தள்ளிவைத்தேன். குடும்பத்தார் தொடர்புகொண்டால் இறந்தவரின் இரகசியத்தை எப்படிக் காப்பது என்று மறுநாள் பேசினோம். கிளையன்ட் இறந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை.

அதே சமயம், சில வாரங்கள் கழித்து என் சொந்த வாழ்க்கையின் பழைய இழப்பு ஒன்று இதனோடு சேர்ந்து மேலே வந்தபோது அவர் கோட்டைப் போட்டுவிட்டார். "இது உங்க வேலையை எப்படித் தொடுதுன்னு நாம பேசலாம். அந்த இழப்பை உங்க தெரபிஸ்ட்கிட்ட கொண்டு போங்க. நான் உங்க தெரபிஸ்ட் ஆக முடியாது." அந்த நேரத்தில் மனம் வாடியது உண்மை. ஆனாலும் சூப்பர்வைசர் தன்னிடம் வருபவருக்கே கவுன்சிலிங் கொடுக்கக் கூடாது என்ற விதி எதற்காக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நாளை என் வேலையை மதிப்பிட வேண்டியவர் அவர். என் காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரால் அந்த மதிப்பீட்டை நேர்மையாகச் செய்ய முடியாது.

மதிப்பீடு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழுக்காக மணி நேரக் கணக்கில் கையெழுத்து போட்டுத் தரும் ஆள் தேவைப்பட்டால் இங்கே வராதீர்கள். குழு செஷனில் கேமராவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அந்த மணி நேரத்தை அவர் கணக்கில் எழுதவில்லை. தகுதி இல்லாதவர் என்று தோன்றினால் பரிந்துரைக்க மாட்டேன், முதலில் என்ன கற்க வேண்டும் என்று எழுதித் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கதவைக் காக்கும் இந்த வேலையைப் பல சூப்பர்வைசர்கள் தயவு பார்த்து விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயவின் விலையைக் கொடுப்பது யாரென்று தெரியாத ஒரு கிளையன்ட். எனக்கு இதில் கோபமே வருகிறது. பதிவு செய்த உரைகளை வீடியோவாக விற்று, பார்த்து முடித்தால் இத்தனை மணி நேர சூப்பர்விஷன் என்று சான்றிதழ் தரும் விளம்பரங்கள் எனக்கும் வருகின்றன. உங்கள் கேஸை ஒருவர் கேட்காத வரை, உங்களிடம் ஒருவர் திருப்பிக் கேட்காத வரை, அது சூப்பர்விஷன் இல்லை. 1920இல் மாக்ஸ் ஐடிங்கனும் சகாக்களும் பெர்லினில் மனப்பகுப்பாய்வு இலவச மருத்துவமனையைத் தொடங்கி, அங்கே பயிற்சி பெறுபவர்கள் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவர் கூடவே பார்த்து விவாதிக்க வேண்டும் என்று வைத்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை.

இதற்கு முன் எனக்குக் கிடைத்த சூப்பர்விஷனையும் ஒப்பிட வேண்டும். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் என் நேரடி மேலாளரே சூப்பர்வைசர். வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எப்போது கேஸை மூடப்போகிறேன் என்பதுதான் பேச்சு. அவர் கெட்டவர் இல்லை. என் சம்பள உயர்வும் அவர் கையில், என் சந்தேகங்களைக் கேட்க வேண்டிய காதும் அவருடையது என்றால், யார்தான் வாய் திறப்பார்கள்? நிர்வாக மேற்பார்வையையும் தொழில்முறை சூப்பர்விஷனையும் முடிந்தவரை ஒரே ஆளிடம் வைக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் வெளியே இன்னொருவரிடமாவது போக வழி செய்ய வேண்டும். நிறுவனங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குறைகளுக்கு வருகிறேன். குழு சூப்பர்விஷன் தனி செஷன் அளவுக்குத் தரமாக இல்லை. ஆறு பேர், இரண்டு மணி நேரம். இரண்டு கேஸ்தான் எடுக்க முடிகிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவரின் கேஸே முன்னால் வருகிறது. முறை வைத்து எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். ஒரு சில அமர்வுகளுக்கு நடந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. மற்றவர் கேஸைக் கேட்டும் கற்றுக்கொள்ளலாம் என்பது சரி. ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் அந்தக் குழுவில் இரண்டு மாதம் பேசாமலேயே இருந்துவிட முடிகிறது என்பது கவலைக்குரியது.

எழுத்து வேலையில் தாமதம். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க சூப்பர்வைசரின் அறிக்கை கேட்டபோது பல வாரங்கள் ஆகிவிட்டன. அறிக்கை வந்தபோது மிகக் கவனமாக, நேர்மையாக எழுதப்பட்டிருந்தது. இருந்தாலும் கடைசி நாளுக்கு முந்தைய இரவு வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. கெடு உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவற்றைவிடப் பெரிய குறை மாற்று ஏற்பாடு. சூப்பர்வைசர் கிடைக்காத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அந்த நபரை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. மேடம் விடுப்பில் இருந்தபோது ஒரு கிளையன்டின் தற்கொலை ஆபத்தை மதிப்பிட வேண்டிய நிலை வந்தது. மாற்று சூப்பர்வைசரை அழைத்தேன். அவர் எடுத்தார், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் நான் யார், எப்படி வேலை செய்கிறேன், என்ன பயிற்சி பெற்றவள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. கிளையன்டுக்கான பாதுகாப்புத் திட்டத்தை நான் ஏற்கெனவே போட்டிருந்ததால் சமாளித்தோம். புதியவர் ஒருவருக்கு அந்த முதல் பதினைந்து நிமிடம் மிக நீளமாக இருந்திருக்கும்.

குழந்தைகள், வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்பவர்களுக்கு இது ஏற்ற இடம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினைந்து வயதுக் கேஸ் ஒன்றை எடுக்கலாமா என்று நான் கேட்டபோது, "எனக்கு அந்த வயசோட வேலை செஞ்ச அனுபவம் போதாது. தெரியாததை நான் சூப்பர்வைஸ் பண்ணக் கூடாது" என்று சொல்லி, அந்த ஒரு கேஸுக்கு மட்டும் வேறொரு சூப்பர்வைசரைக் கைகாட்டினார். இருவருக்கும் இடையே யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம்.

தனியாகத் தொழில் நடத்துபவர்கள், துக்கம், தம்பதியர் பிரச்சினை, அதிர்ச்சி அனுபவம் போன்ற கனமான கேஸ்கள் எடுப்பவர்கள், தொழிலில் சில வருடங்கள் ஆகி "எனக்குத் தெரியும்" என்ற நிலைக்கு வந்துவிட்டவர்கள் – இவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அவர்கள் தனி செஷனையே எடுத்துக்கொள்வது நல்லது. குழுவை மட்டும் நம்ப வேண்டாம். கேட்டதும் பதில் தரும் ஆசிரியரைத் தேடுபவர்களுக்கு முதல் சில மாதங்கள் கஷ்டமாக இருக்கும்.

வேறு எந்தச் சேவையை யோசிப்பவரும் அறிமுக அழைப்பில் இவற்றைக் கேளுங்கள்: நீங்கள் யாரிடம் சூப்பர்விஷன் போகிறீர்கள்? எதில் உங்களுக்கு அனுபவம் இல்லை? நீங்கள் ஊரில் இல்லாதபோது என் அழைப்பை எடுப்பவர் யார், அவரை நான் எப்போது பார்க்கலாம்? கடைசிக் கேள்வியை நான் இப்போது இங்கேயும் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்ததால், மாற்று சூப்பர்வைசரோடு அரை மணி நேர அறிமுகச் சந்திப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் ஒத்துக்கொண்டு, எனக்கு மட்டுமில்லாமல் அவரிடம் வரும் எல்லோருக்கும் அதை ஒப்பந்தத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.